வெங்காயப் பக்கம்

...ஊறப் போடக் கூடாது, அதுதான் முதல் விஷயம், நறுக்கும் பலகையைத் தண்ணீரில் ஊறப் போட்டால் வளைந்து கிண்ணமாகிவிடும், கல்லுப்பைத் தூவி, அரை மூடி எலுமிச்சையைக் கவிழ்த்து, மரத்தின் ரேகையோடு ஒட்டித் தேய்க்க வேண்டும், வெங்காய வாடை போகும்வரை தேய்க்க வேண்டும்... போகும்வரை என்றால் எதுவரை? அங்கேதான் இடித்தது அவளுக்கு. அந்தக் காய்ச்சல் வந்த வழியே போயிற்று, போகிற போக்கில் மோப்பத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு போயிற்று. பார்க்க மூக்கும் முழியுமாகத்தான் இருக்கிறாள், ஆனால் அந்த மூக்கு இப்போது கண்ணாடி மாட்டுகிற கொக்கி, வேறொன்றுக்கும் உதவாது. யாரிடமும் மூச்சு விடவில்லை. விட்டால் மகள் சும்மா இருப்பாளா? மதியம் வருகிறாள், குழந்தையையும் தூக்கிக்கொண்டு. கழுகுக்கு மூக்கில் வேர்த்த மாதிரி அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். இந்தப் பலகையில் நறுக்கிக் கொடுக்கிற ஆப்பிளில் ஒரு துளி வெங்காய வாடை இருந்தால் போதும், "இனிமே அடுப்புப் பக்கமே போகாதம்மா, கேஸ் கசிஞ்சா உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஆரம்பித்து, சமைக்க ஆள் வைத்து, அம்மாவை நாற்காலியில் உட்கார்த்தி வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்வதாம், இந்தக் கைகளுக்கு என்ன பதில் சொல்வதாம்? இந்த அடுப்படியை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள், செத்தாலும் மாட்டாள். தேய், நன்றாகத் தேய்...

ஒரு பக்கம் வெங்காயம் பூண்டுக்கு, மறுபக்கம் பழத்துக்கு, பலகை வந்த நாளிலிருந்து அதுதான் சட்டம். முன்பெல்லாம் கிட்டே கொண்டுபோனாலே எந்தப் பக்கம் என்று மூக்கு சொல்லிவிடும். இப்போது கறையைப் பார்த்துத்தான் அடையாளம் வைக்கிறாள், கறையோ உப்பும் எலுமிச்சையும் பட்டுப் பட்டு இரண்டு பக்கமும் ஒன்றாக வெளுத்துத் தொலைந்தது. ஆனாலும் இதுவரை மாட்டிக்கொள்ளவில்லையே! வீட்டுக்காரர் ஒருவர் போதாதா மாட்டிவிட? கடைத்தெரு முனையில் உட்கார்ந்து ஊர்ப் பூட்டுக்கெல்லாம் சாவி செய்கிறவர், வீட்டுக்கு வந்தால் வாய்க்கு மட்டும் பூட்டு கிடையாது. "என்ன மகாராணி, ஆப்பிளுக்கு வெங்காயத்தைத் தாளிச்சுக் கொட்டினியா?" என்று கேட்காமல் பழம் தின்றதே இல்லை மனுஷன். காய்ச்சலுக்குப் பிறகு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நம் தேய்ப்பு அப்படி என்று அவளும் மார்தட்டிக்கொண்டிருந்தாள், சரி, அலசியாயிற்று, ஈரத்தை ஒற்றி எடுத்து நிறுத்திவை, படுக்க வைத்தால் அடிப்பக்கம் காயாது...

இதென்ன? துணியோடு போன கட்டைவிரல் பலகையின் விளிம்பில் தடுக்கியது. மூலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம். கத்தி பட்டதா? கத்தி பட்டால் சிராய்ப்பு இருக்கும், இது வழவழவென்று உருண்டையாக, அரத்தால் ராவியது, சாவிக்குப் பல் ராவுகிற அதே மெல்லிய அரம். இந்த ஊரில் இப்படி ராவுகிற கை ஒன்றுதான், அந்தக் கை அவளுக்குத் தெரியாதா? எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கிறது பள்ளம், நேற்று இன்று செய்ததல்ல. ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம்... இப்போது தேய்த்த பக்கம், வெங்காயப் பக்கம். ஐயோ, இந்த மனுஷன்! அப்படியானால் அந்த எண்ணெய்? "சமையல் எண்ணெய் எதுக்குப் பலகைக்கு, சிக்கு வாடை வரும், இது மருந்துக்கடை எண்ணெய், வாசனையே கிடையாது" என்று ஒரு சீசாவைக் கொண்டுவந்து வைத்தாரே, அதற்கு முன்னால் எத்தனை நாள் இந்த அடுப்படி சிக்கடித்துக் கிடந்ததோ? பாலைக் கண்டாலே முகம் சுளிக்கிறவர் திடீரென்று தினமும் முதல் மடக்கு தனக்கு வேண்டும் என்று நிற்கிறாரே, அது? தண்ணீர் குடிக்கிற சாக்கில் வந்து கேஸ் குமிழைத் திருகிப் பார்த்துவிட்டுப் போகிறாரே, அது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக அவள் நினைத்திருக்க, அவர் எதிரில் உட்கார்ந்து அந்தப் பூசணிக்காயையே சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்நேரம் நாற்காலி வந்திருக்கும். அவளிடமும் சொல்லவில்லை, விரல் ஒரு நாள் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று வெட்டி வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாராக்கும், அந்த வாயை! கண் கரித்தது அவளுக்கு. எலுமிச்சைதான், வேறென்ன...

செருப்புச் சத்தம், அவர்தான், தண்ணீர் குடிக்க வந்தாராம், கை கேஸ் குமிழுக்குத்தான் போகிறது. கேட்டுவிடலாமா? எப்போதிலிருந்து தெரியும் என்று? வேண்டாம், கேட்டால் மழுப்புவார். அவள் பலகையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "வெங்காய வாடை போயிடுச்சான்னு கொஞ்சம் பாருங்க." சொல்லிவிட்டாள், அவ்வளவுதான், இதற்கு மேல் எப்படிச் சொல்வது? அவர் அவளைப் பார்த்தார், பள்ளத்தின் மேல் இருந்த அவள் கட்டைவிரலைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பூட்டின் துவாரத்தில் காது வைக்கிற மாதிரி அப்படி ஒரு கவனத்தோடு மோந்து பார்த்தார்.

"போகல. நாறுது. இன்னொரு வாட்டி உப்பு போடு."

அப்பாடா, குறை சொல்லிவிட்டார்! எவ்வளவு நாளாயிற்று இந்தக் குரலைக் கேட்டு, சண்டைக்கு இழுக்கலாம் போல அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. "பெரிய மூக்கு, வந்துட்டார்" என்று சொல்லி உப்பு ஜாடியைத் திறந்தாள். அவர் எலுமிச்சையைத் தேடி எடுத்து, அரிந்து, பாதியை அவள் கையில் வைத்தார். மகள் வருவதற்குள் தேய்த்துவிடலாம், கேஸுக்கு அவர் கை, வாடைக்கு அவர் மூக்கு... தேய்க்க ஆரம்பித்தவள் நின்றாள். இதை நாறுது என்கிறாரே, அப்படியானால் இத்தனை நாளாக, தட்டை வழித்துவிட்டு, "இன்னைக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாரே, அதெல்லாம்?