பின்சுவர் ஒரு முழம் முன்னால்

மெத்தைத் துணியைப் பற்றி வாயே திறக்காத படகு முதலாளியை நான் அதுவரை பார்த்ததில்லை.

எங்கள் தீவின் சகுவாராமஸ் துறையில் உல்லாசப் படகுகளின் உள்ளறைகளுக்கு வரைபடம் போடுகிறவள் நான், அன்செல்மா. வரைவது நான், மரம் அறுப்பது என் புருஷன் ரோல். புயல் மாதங்களில் படகைக் கரையேற்றிவிட்டு எங்களிடம் வந்து உட்காரும் முதலாளிகள் மெத்தை நிறத்துக்கே ஒரு வாரம் சண்டை போடுவார்கள். அவர் நீலம் என்பார், அவர் மனைவி முகத்தைச் சுளிப்பாள். மிஸ்டர் பூஷே அப்படியில்லை. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் பெரிய மனிதர். எந்த மரம் என்றாலும் "உங்க இஷ்டம்". எந்தக் குழாய் என்றாலும் "உங்க இஷ்டம்". எல்லாமே என் இஷ்டம் என்றால் படகை எனக்காகவா வாங்கினார்? அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

நல்ல தேக்கில் கை வைப்பதற்கு முன்னால் மட்டமான ப்ளைவுட்டில் அறையை முழு அளவில் கொட்டகைக்குள் நிறுத்திப் பார்ப்பது எங்கள் வழக்கம். முதலாளி அதில் படுத்துப் பார்ப்பார், தலையை இடித்துக்கொள்வார், திட்டுவார், நாங்கள் மாற்றுவோம். பூஷே படகின் பின்பக்கப் படுக்கையறைக்கு மாதிரி தயார் என்று தெரிந்ததும் நான்தான் முதலில் ஏறினேன். மழை தகரக் கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அலமாரிக் கதவைத் திறந்தேன். அது படுக்கையில் இடித்து நின்றது. நான் வரைந்த அறையில் அது இடிக்காது. டேப்பை வைத்து அளந்தேன். பின்சுவர் ஒரு முழம் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. அதனால்தான் படுக்கையும் முன்னால் தள்ளப்பட்டிருந்தது.

"ரோல்! என்ன இது, சுவர் நடந்து வந்திருக்கு?"

உளியைத் தீட்டிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கவில்லை. "பூஷே கேட்டார். எஞ்சின் சத்தம் வராம இருக்க உள்ள பஞ்சு அடைக்கணுமாம்."

"எஞ்சின் நடுவுல இருக்கு. பின்னால கடல்தான் இருக்கு. மீன் பாட்டு பாடுதா?"

"அவர் படகு, அவர் சுவர். உனக்கென்ன வந்துச்சு?"

"வரைஞ்சவ நான்டா. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா வாய் சுளுக்கிக்குமா?"

"மறந்துட்டேன், செல்மா. விடேன்."

மறக்கிற ஆளா அவன்? எங்கள் கல்யாணத்தில் யார் எத்தனை துண்டு கேக் தின்றார்கள் என்று இன்றும் சொல்வான்.

மறுநாள் பூஷே வந்தார். சோரல் பூ சர்பத்தைக் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். "அந்தப் பின்சுவரை எதுக்குங்க முன்னால தள்ளச் சொன்னீங்க?"

அவர் முதலில் ரோலைப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார். "ஈரம், மேடம். கடல் ஈரம் மெத்தைக்கு வந்துடக் கூடாதில்லையா?"

ஒருவர் சத்தம் என்கிறார், இன்னொருவர் ஈரம் என்கிறார். பொய் சொல்வதென்றால் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிவைத்துக்கொள்ளக் கூடாதா?

"சரிங்க. சுவருக்குப் பின்னால விழுற இடத்துக்குக் கதவு எந்தப் பக்கம் வைக்கட்டும்?"

"கதவெல்லாம் வேண்டாம். உள்ள என்ன இருக்கப்போகுது?" என்று சிரித்தார். சர்பத்தைத் தொடாமலே கிளம்பினார்.

மேற்கே மேகமில்லாத நாளில் வெனிசுவேலா மலை தெரியும் துறை இது. கதவில்லாத இடத்துக்குள் என்ன போகும், அது எந்தப் பக்கம் போய்ச் சேரும் என்பது இங்கே மூக்கு ஒழுகும் பிள்ளைக்கும் தெரியும். பக்கத்துக் கொட்டகைத் தச்சன் ஹாலிஸ் ஒரு கடத்தல்காரனுக்கு அப்படி ஒரு சுவரைக் கட்டிக் கொடுத்தான். கடலோரக் காவல்படை அந்தப் படகைப் பிடித்தபோது முதலாளி விமானமேறி எங்கோ போயிருந்தான். ஹாலிஸ் ஜெயிலுக்குப் போனான். அவன் பெண்டாட்டி இன்று சந்தை வாசலில் டபுள்ஸ் என்கிற கொண்டைக்கடலை ரொட்டி விற்கும் வண்டி தள்ளுகிறாள். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

பூஷே யோக்கியனில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னைத் தின்றது வேறு கேள்வி. என் புருஷனுக்குத் தெரியுமா? ஏமாந்துபோய்ச் செய்கிறானா, தெரிந்தே செய்கிறானா? அவன் காதில் யார் வேண்டுமானாலும் பூச்சுற்றலாம். அது எனக்குத் தெரியும். ஏமாந்தவனாகவே இருக்கட்டும் என்று நான் வேண்டாத புனிதர் இல்லை. அவன் சாப்பிடும்போது பார்த்தேன். பல் விளக்கும்போது பார்த்தேன். எதைப் பார்த்தாலும் எனக்குத் திருட்டு முழியாகவே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை கொட்டகைக்குப் போனபோது அந்தச் சுவருக்கான பலகை தயாராகிக் கிடந்தது. நிஜப் பலகை, தேக்கு. மற்ற எதுவும் இன்னும் முடிவாகவில்லை, அதற்குள் இது மட்டும் அறுத்து இழைத்தாயிற்று.

இங்கே தச்சர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பலகையைப் பொருத்துவதற்கு முன் அதன் முதுகில் பென்சிலால் பெயரும் வருஷமும் எழுதுவார்கள். கூடவே மழையைப் பற்றியோ மாமியாரைப் பற்றியோ ஒரு கிண்டல் இருக்கும். பல வருஷம் கழித்து அதைக் கழற்றும் இன்னொரு தச்சன் மட்டும்தான் படித்துச் சிரிப்பான். ஹாலிஸ் மாட்டிக்கொண்டதே அதனால்தான். கை பழக்கத்தில் அந்தக் கள்ளச் சுவரின் முதுகிலும் தன் முழுப் பெயரை எழுதித் தொலைத்திருந்தான், முட்டாள். ரோல் எழுதாமல் விட்ட பலகையே கிடையாது. என் அடுப்படி அலமாரிக்குப் பின்னால்கூட அவன் பெயர் இருக்கிறது.

"நல்லா வந்திருக்கு. திருப்பிப் பிடிக்கிறேன், பேரை எழுது," என்றேன்.

"அப்புறம் எழுதிக்கலாம்."

"அப்புறம் என்ன? இப்பவே எழுது."

"பென்சில் இல்ல."

பென்சில் அவன் காதுக்கு மேலேயே இருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவன் பார்த்தான்.

கடவுளே, தெரிந்தே செய்கிறான்.

"ஒரே ஒரு தடவை, செல்மா," என்றான். "உனக்கு எதுவும் தெரியாதுன்னே இருக்கட்டும்னுதான்..."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவன் காதிலிருந்து பென்சிலை உருவினேன். பலகையைப் புரட்டி, அதன் முதுகில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். அன்செல்மா குவாமினா. "இப்ப மாட்டு. பிடிச்சா என்னைப் பிடிக்கட்டும்."

அவன் உப்புத்தாளை எடுத்தான். குனிந்து என் பெயரைத் தேய்க்க ஆரம்பித்தான், ஒவ்வொரு எழுத்தாக, பிள்ளைக்கு முகம் துடைக்கிற மாதிரி பக்குவமாக. தேய்த்து முடித்து ஊதிவிட்டு, "இப்ப யார் பேரும் இல்ல," என்றான். எனக்கு ஏதோ நல்லது செய்துவிட்டவன் போல!

என் பெயரை அழிக்கிற அளவுக்கு என்மேல் பாசம் இருக்கிறது. அந்தப் பலகையைக் கைவிடத்தான் அவனுக்கு மனசில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. சுவரில் மாட்டியிருந்த ரம்பத்தை எடுத்தேன். பலகையை முக்காலியில் சாய்த்து, முழங்காலால் அழுத்திக்கொண்டு நடுவில் வைத்து இழுத்தேன். என் வாழ்நாளில் நான் மரம் அறுத்ததில்லை. ரம்பம் வழுக்கியது, குதித்தது, கை தோலுரிந்தது. பாதி வழியில் பலகை தொங்கிப்போய் ரம்பத்தைக் கவ்விக்கொண்டது. இழுத்தாலும் வரவில்லை, தள்ளினாலும் போகவில்லை.

ரோல் என்னை நோக்கி வந்தான். ரம்பத்தைப் பிடுங்கத்தான் வருகிறான் என்று கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டேன்.

அவன் என்னைத் தாண்டிப் போனான். பலகையின் மறுமுனைக்கு அடியில் கை கொடுத்து, ரம்பம் விடுபடுகிற அளவுக்கு மெல்லத் தூக்கிப் பிடித்தான்.

"கோணலாப் போகுது," என்றான். "மெதுவா இழு."