குருவம்மாளின் புள்ளி

பாளையம்பட்டி மாரிச்செல்வத்துக்கு ட்ரில்லிங் மெஷின் வாங்கியதிலிருந்து கை சும்மா இருக்கவில்லை. அவன் மாட்டிய செருப்பு ஸ்டாண்டு சுவரையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழுந்த பிறகும், அவனை நம்பி மனைவி தங்கச்செல்வி ஒரு வேலை கொடுத்தாள். அவள் வீட்டிலேயே இஞ்சியும் கருப்பட்டியும் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, நுரைக்கவைத்துச் சோடா போடுகிறவள். பாட்டிலில் பிடிக்க வாகாக எவர்சில்வர் அண்டாவின் அடியில் ஒரு குழாய் வேண்டும்.

“ஸ்கெட்ச் பேனாவுல புள்ளி வச்சிருக்கேன். அதுல ஓட்டையப் போடுங்க. வேற எதையும் யோசிக்காதீக.”

அவன் யோசிக்கவேயில்லை. அண்டாவைக் கவிழ்த்தான். பளிச்சென்று இருக்கட்டுமென்று துணியால் அழுத்தித் துடைத்தான். புள்ளியைத் தேடினான், கிடைத்தது, துளைத்தான்.

நிமிர்த்திப் பார்த்தால் ஓட்டை விளிம்புக்குக் கீழே இருக்கிறது. மாமியார் சீராகக் கொடுத்த அண்டா அது. வெட்டியிருந்த ‘குருவம்மாள்’ என்ற பேரில் ‘ம்’மின் புள்ளியைக் காணோம். உள்ளே எட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோட்டம் தெரிந்தது.

“அண்டா நெறைய இருந்தா இதுலயும் வரும்” என்றான்.

“வெள்ளிக்கெழம எங்கம்மா வாராக. அவுககிட்டச் சொல்லுங்க.”

முதலில் பிசின் வைத்து அடைத்தான். ஒரே கொதியில் அது கழன்று சோடாவுக்குள் விழுந்தது. மறுநாள் பஸ்ஸேறி அருப்புக்கோட்டைக்குப் போய், தடித்த எவர்சில்வர் போல்ட்டும், தொப்பி நட்டும், சூடு தாங்கும் சிலிக்கான் வாஷரும் வாங்கி வந்தான். உள்ளும் புறமும் வாஷர் வைத்து இறுக்கி, தளும்பத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தான். ஒரு சொட்டு கசியவில்லை. அடியில் குழாய்க்கு ஓட்டை போடும்போது தங்கச்செல்வி பக்கத்திலேயே நின்றாள். துணியை அவள் கையில் வைத்துக்கொண்டாள்.

திருச்சுழியிலிருந்து வந்த குருவம்மாள் அண்டாவைத்தான் முதலில் பார்த்தாள்.

“மாப்ளே, எம் பேருக்கு மூக்குத்தி குத்தியிருக்கீகளா?”

“ஆமா அத்தை. துருப்பிடிக்காது.”

குருவம்மாள் போல்ட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள். “மூத்தவளுக்கும் இதே அண்டாதான் குடுத்தேன். அவ வீட்டுக்காரருக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. மெஷினத் தூக்கிட்டு ஒரு எட்டு மல்லாங்கிணறு போயி அதுக்கும் ஒண்ணு குத்திட்டு வந்துருங்க.”

தங்கச்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள்.

“சரி அத்தை” என்றான் மாரிச்செல்வம்.