லீலாபாயின் நெஞ்சில் தங்கிய பேச்சு

அந்தக் காற்று மட்டும் ஏன் வெளியே வரவில்லை என்றால், அது லீலாபாயின் நுரையீரலில் மிகச் சின்னக் குழல்களில் போய் மாட்டிக்கொண்டது. அந்தக் காற்றுக்குள் அவள் புருஷன் ராஜையாவின் பேச்சும் இருந்தது. 1954 ஆவணியில், தமிழ் பேசும் தங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊர்வலம் போனதற்காகப் போலீஸ் தேடிய ராஜையா, ஒளியப்போகும் இடத்தை அவள் காதோரம் சொல்லிவிட்டுப் பாறசாலையை விட்டுப் போனார். அவர் சொன்னதெல்லாம் அவள் மூச்சோடு உள்ளே போனது. போன கையோடு இழுப்பு வந்துவிட்டது. வேர்போலப் பிரிந்து பிரிந்து மயிரளவுக்கு மெலிகிற குழல்களாக்கும் அவை என்றார் கம்பவுண்டர் கருணாகரன். பெரிய குழல்களைத் தாங்கும் குருத்தெலும்பு அவற்றுக்குக் கிடையாது. மூச்சை இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். இழுப்பு வந்தால் சுவர் வீங்கிச் சளி அடைக்கும், போன காற்று திரும்பாது.

ஆகவே அவள் முதுகில் காது வைத்தவர்களுக்கு விசில் சத்தத்தின் நடுவே ராஜையா பேசுவது கேட்டது. சொல் மட்டும் பிரியவில்லை.

"உனக்க மாப்பிள ஒளிஞ்சாலும் தொணதொணப்பு நிக்கல்ல பாத்தியா மக்கா" என்றாள் பக்கத்து வீட்டு விலாசினி.

இதைக் கேள்விப்பட்டு மூன்றாம் நாள் போலீஸ்காரர் கிருஷ்ணன்குட்டி நோட்டுப்புத்தகத்தோடு வந்து, பேச்சு வெளியே வரட்டும், எழுதிக்கொள்கிறேன் என்று முற்றத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தார். லீலாபாய் அந்தக் காற்றைப் பதினோரு நாள் விடவில்லை. பழையது இறங்காமல் புதியது ஏறுமா? உதடும் நகமும் நீலம் பாய்ந்தன. போலீஸ்காரர் சாயா குடிக்கப்போன நேரம் கருணாகரன் ஊசியை எடுத்தார்.

"வேண்டாம் அண்ணா... கொழலு தொறந்தா... எடம் வெளிய வந்துரும்."

"ஏட்டி, நீ செத்தா அவன் எங்க இருந்து என்ன?"

"அவரு இருப்பாருல்லா."

கருணாகரன் கேட்கவில்லை, குத்திவிட்டார். கிருஷ்ணன்குட்டி திரும்பிவந்து உட்காரவும், குழல்கள் விரியவும் சரியாக இருந்தது. லீலாபாய் நீளமாக மூச்சுவிட்டாள். ராஜையாவின் குரல் முற்றமெங்கும் கேட்டது: "பிள்ளே, மரச்சீனிக் கெழங்கு வெந்துட்டான்னு பாரு. ஈரத் தலைய நல்லா துவர்த்து, சளி பிடிக்கும்." அவ்வளவுதான்.

போலீஸ்காரர் அதை ஒரு எழுத்து விடாமல் எழுதினார். "பின்னே எங்ஙோட்டு போயின்னு பறஞ்ஞில்லே?" எங்கே போனார் என்று சொல்லவில்லையா என்பதுதான் அவர் கேள்வி.

ஊர்ப்பெயர் போன்ற பெரிய சொற்கள் பெரிய குழல் வழியாக அன்றே போய்விடும், சின்னக் குழல்களில் சின்னச் சொற்கள்தான் தங்கும் என்றார் கருணாகரன். நியாயமாகத்தான் பட்டது. போகும்போது கிருஷ்ணன்குட்டி படியில் நின்று, "தல துவர்த்திக்கோ பெங்ஙளே" என்றார், கூடப்பிறந்தவளிடம் சொல்வதுபோல.

இரண்டு வருஷத்தில் எல்லை பிரித்தார்கள். பாறசாலை கேரளத்தில் நின்றது. ராஜையா ஒரு மத்தியானம் வந்து கஞ்சி கேட்டார். லீலாபாயின் பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தொணதொணத்தார், அவள் அதையெல்லாம் இழுத்து இழுத்து மூச்சோடு வாங்கிக்கொண்டாள். எவ்வளவு ஊதி விட்டாலும் எல்லார் நெஞ்சிலும் கொஞ்சம் காற்று மிஞ்சுமாம், கருணாகரன் சொல்கிறார். உங்களுக்கு என்ன தோன்றுகிறது, உங்கள் நெஞ்சில் மிஞ்சிய காற்றில் யார் பேசிக்கொண்டிருப்பார்கள்?