மழையில் நனையாத ஆறு தாள்கள்

என் கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் பொழுதுபோக்கு ஒன்றுதான். புத்தகம் படித்தல், பாட்டுக் கேட்டல். பிறந்த தேதி, படிப்பு, மதிப்பெண் எல்லாவற்றையும் மளமளவென்று சொல்லிக்கொண்டு வருவார்கள். விண்ணப்பத்தின் கடைசி வரிக்கு வந்ததும் திருதிருவென்று முழிப்பார்கள். "நீங்களே ஏதாவது போடுங்கக்கா" என்பார்கள். நானும் போட்டுவிடுவேன். வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு எதிரே பதினாறு வருஷமாக ஜெராக்ஸ் எடுத்து, டைப் அடித்து, லேமினேஷன் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த வரியைப் படித்துவிட்டு ஒருத்தர் வேலை கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

கோந்து மட்டும் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கோந்து என்பது நான் வைத்த பெயர். டைல்ஸ் பதிக்கிறவரின் ஒரே மகள். நூலகப் படிப்பு முடித்துவிட்டு இரண்டு வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். முதல் தடவை வந்தபோதே அந்த வரியைப் பார்த்துவிட்டு என்னைத் தடுத்தாள்.

"அக்கா, எனக்குக் கிழிஞ்ச புத்தகங்களைச் சரி செய்யறதுன்னு போடுங்க."

"ஏம்மா, நீ வேலை தேடறியா, பழைய பேப்பர் கடை வைக்கப் போறியா?"

சிரித்தாள். ஆனால் மாற்றிக்கொள்ளவில்லை. அதோடு விடாமல், என் மேஜையில் முதுகு பிய்ந்து, பக்கங்கள் கிழிந்து கிடந்த அகராதியையும் எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்து கொடுத்தபோது புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எந்தப் பக்கம் கிழிந்திருந்தது என்று எனக்கே தெரியவில்லை. மாவில் பசை காய்ச்சி, மெல்லிய தாள் வைத்து, சின்னத் தூரிகையால் தடவி ஒட்டுவாளாம். கடையில் விற்கிற பசையை வாங்கி ஒட்டித் தொலைக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"ஒட்டறது பெரிய விஷயமில்லக்கா. பின்னாடி வேணும்னா தண்ணி தொட்டுப் பிரிக்க முடியணும். பிரிக்கவே முடியாதபடி ஒட்டினா அது ரிப்பேர் இல்ல."

அன்றிலிருந்துதான் கோந்து.

அவள் அப்பாவையும் எனக்குத் தெரியும். என் கடைக்குத் தரை போட்டவரே அவர்தான். எழுத்து வாசிக்க வராது. ஆனால் வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தே, தரை எந்த மூலைக்கு அரை விரல் சரிகிறது என்று சொல்லிவிடுவார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாளாக நின்று மகளைப் பட்டம் வாங்க வைத்தவர். அவளுடைய சான்றிதழ்களை வீட்டில் அரிசி டப்பாவுக்கு மேலே, கை படாத உயரத்தில் வைத்திருப்பாராம். முன்பு இரண்டு தடவை வேலை கிடைக்கிற மாதிரி வந்தது. இவரும் அவசரப்பட்டு வேலை நடக்கிற கட்டடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொல்லிவிட்டார். இரண்டு தடவையும் வேலை கைநழுவிப் போயிற்று. அதற்குப் பிறகு எது என்றாலும் முடியட்டும், அப்புறம் அப்பாவிடம் சொல்லலாம் என்று கோந்து முடிவு செய்திருந்தாள்.

அதனால்தான் அந்தப் பெரிய நூலகத்து விஷயத்தை என்னிடம் மட்டும் சொன்னாள். பழைய ஆவணங்களைப் பழுது பார்க்கிற பிரிவு. காலியாக இருந்ததே ஒரே ஓர் இடம். நேர்காணலில் அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு அதிகாரி அம்மாள், "இது என்ன, சும்மா எழுதினதா?" என்று கேட்டிருக்கிறார். இவள் பையிலிருந்து தான் ஒட்டிய புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டியிருக்கிறாள். அந்த அம்மாள் ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பிடித்துப் பார்த்தும் கிழிசல் எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

"எடுத்துட்டாங்கக்கா! சான்றிதழ் சரிபார்க்கறது ஒண்ணுதான் பாக்கி. அது முடிஞ்சதும் அப்பாகிட்ட சொல்லிடுவேன். இப்போதைக்கு இன்னொரு நேர்காணல்னு மட்டும் சொல்லியிருக்கேன்."

என் பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வரி ஒருத்திக்கு வேலை வாங்கிக் கொடுத்திருந்தது. எனக்கே கிடைத்த மாதிரி பூரித்துப்போனேன்.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் விடாமல் மழை. மத்தியானம் டைல்ஸ்காரர் கடைக்கு வந்தார். தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் பை சுற்றிய கோப்பு ஒன்றை எடுத்தார். அது மட்டும் நனையவில்லை.

"ஏம்மா, இதையெல்லாம் கண்ணாடி மாதிரி பண்ணுவீங்களே, அதைப் போட்டுக் குடுங்க. நாளைக்குப் பொண்ணு வெளியூர் போறா. இந்த மழைல ஒரு சொட்டு பட்டாலும் அவ்வளவு படிப்பும் வீணாப் போயிடும்."

ஆறு தாள்கள். எல்லாமே அசல். அன்று காலையிலிருந்து ஜெராக்ஸ் மெஷின் தாளைத் தின்றுகொண்டிருந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருந்தது. "குடுங்கண்ணே, ஓரமா உக்காருங்க, தரையெல்லாம் தண்ணி" என்று வாங்கினேன். ஒவ்வொன்றாக உள்ளே விட்டேன். சூடாக வெளியே வந்ததைத் துணியால் துடைத்து, ஓரம் வெட்டி, மூலைகளை வளைவாக நறுக்கிக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றையும் கையில் வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். "ஒரு குமிழ் இல்ல. சுத்தமான வேலை" என்றார். அவர் வாயால் அந்த வார்த்தையைக் கேட்டது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அசலை லேமினேட் செய்யக் கூடாது என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். எப்போதோ யாரோ சொல்லியிருக்கிறார்கள். எத்தனையோ பேர் போட்டுக்கொண்டு போகிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே என்று விட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டியது நான். கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கோந்து வந்தாள். வந்தவள் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் லேமினேட் போட்ட பட்டச் சான்றிதழை மேஜை மேல் வைத்தாள்.

சரிபார்க்கிற இடத்தில் பட்டச் சான்றிதழின் பின்பக்கம் முத்திரை வைக்க வேண்டுமாம். வைத்தார்களாம். பிளாஸ்டிக்கில் மை நிற்கவில்லை, கட்டைவிரல் பட்டதும் வழித்துக்கொண்டு வந்துவிட்டது. அசல்தானா என்று எழுத்தின் மேடு பள்ளத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும், அதுவும் முடியவில்லை. அந்த அதிகாரி அம்மாளே வருத்தப்பட்டிருக்கிறார். பதினைந்து நாளுக்குள் புதுப் பிரதி வாங்கி வந்தால் பார்க்கலாம், அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் கேட்டால் நான்கு மாதம் ஆகும் என்றார்கள். இருந்தாலும் எழுதிப் போட்டிருந்தாள்.

"கிளம்பற அன்னிக்கே பார்த்திருப்பியே. அப்பவே ஓடி வந்திருக்கக் கூடாதா?"

"பஸ்ஸுக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. அப்பா அதைக் கையில வெச்சுக்கிட்டு நின்னார். கையில எடுத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ரொம்ப நல்லா இருக்குப்பான்னு சொல்லிட்டேன்."

அன்று சாயங்காலம் வரை நாங்கள் இருவரும் வேண்டாத தாள்களை லேமினேட் போட்டுப் போட்டுப் பிரித்துப் பார்த்தோம். பிளேடால் மூலையைக் கீறினாள். இஸ்திரிப் பெட்டியை வைத்துச் சூடு காட்டினாள். பனிக்கட்டி மேல் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் எழுத்து பிளாஸ்டிக்கோடு சேர்ந்து உரிந்து வந்தது. பத்துப் பன்னிரண்டு தாள் பாழான பிறகு பிளேடைக் கீழே வைத்தாள். பட்டச் சான்றிதழைத் தொடவே இல்லை.

"இது பிரியாதுக்கா" என்றாள்.

நான் அழுதேன். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். அவள்தான் என் கையைப் பிடித்தாள். "அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுக்கா. அவர் தாங்க மாட்டார். அவர்கிட்ட, நேர்காணல்ல கேட்ட கேள்விக்கு ஒழுங்காப் பதில் சொல்லத் தெரியலன்னு சொல்லிட்டேன்."

"என்ன கேள்வியாம்?"

"பொழுதுபோக்கு என்னன்னு கேட்டாங்க, காகிதம் ஒட்டறதுன்னு சொன்னேன், சிரிச்சிட்டாங்கன்னு சொன்னேன்."

எதைச் சொல்லி வேலையை வாங்கினாளோ, அதையே பழியாகத் தலையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். எனக்கு அவளை ஓர் அறை விட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

பதினாறாம் நாள் அந்த வேலை அடுத்த ஆளுக்குப் போயிற்று. கோந்து ஒரு செருப்புக் கடையில் விற்பனைக்கு நின்றாள்.

டைல்ஸ்காரர் என் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நின்று புலம்புவார். "இத்தனை படிச்சிட்டு, ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியலையேம்மா. காகிதம் ஒட்டறேன்னு சொன்னா எவன் வேலை குடுப்பான்? எட்டாவது படிக்கற பிள்ளைகூடச் சாமர்த்தியமா ஏதாவது சொல்லும்." நான் தலையைக் குனிந்துகொண்டு தாள் எண்ணிக்கொண்டிருப்பேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் நான். இருந்தேன்.

ஒரு நாள் அவர் வீட்டில் பெரிதாகச் சத்தம் போட்டுவிட்டு, அவள் சேர்த்து வைத்திருந்த பழைய புத்தகங்களையும், பசைக் கிண்ணத்தையும், தூரிகைகளையும் மூட்டை கட்டிப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார். அடுத்த முறை புது விண்ணப்பத்தோடு வந்தபோது அவளே சொன்னாள்.

"கடைசி வரியில நீங்க எல்லாருக்கும் போடறதையே போடுங்கக்கா."

போட்டேன். புத்தகம் படித்தல், பாட்டுக் கேட்டல்.

நான்கு மாதம் என்று சொன்னது ஐந்தாயிற்று. ஒரு காலை, கடையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தேன். டைல்ஸ்காரர் வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. கையில் பெரிய கெட்டி உறை. அவள் வேலைக்குப் போன பிறகு தபாலில் வந்ததாம்.

"படிக்கத் தெரியாதுன்னாலும் இந்த முத்திரையை எனக்குத் தெரியும்மா. அவ பட்டத்துல இருக்கறதேதான். எனக்குத் தெரியாம இன்னொண்ணு படிச்சுப் பாஸ் பண்ணியிருக்கா பாருங்க! நான்தான் இவ்வளவு நாளா வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். அவ வர்றதுக்குள்ள இதையும் கண்ணாடி மாதிரி பண்ணிக் குடுங்க. அவ கையில குடுக்கணும்."

அது அவள் எழுதிப் போட்டிருந்த புதுப் பிரதி. "மெஷின் ரிப்பேர்ண்ணே" என்றேன்.

"பரவால்லம்மா. பின் தெருவுல இன்னொரு கடை இருக்கே." படியிறங்கிவிட்டார்.

சத்தியத்தைக் காப்பாற்றினால் அந்தத் தாள் போய்விடும். எனக்கு யோசிக்க நேரமில்லை. "அண்ணே, நில்லுங்க!" என்று கத்தினேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மெதுவாகச் சொல்லத் தெரியவில்லை, அழுகையும் கோபமுமாகக் கொட்டினேன். போட்டது நான், என் தப்பு என்று எத்தனையோ தடவை சொன்னேன். அது அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

உறையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே, "அப்ப அந்தக் கேள்விக்கு அவ என்னதான் பதில் சொன்னா?" என்று கேட்டார்.

"காகிதம் ஒட்டறதைத்தான் சொன்னா. ஒட்டின புத்தகத்தை எடுத்துக் காட்டினா. அதைப் பார்த்துத்தான் வேலையே குடுத்தாங்க."

"அந்தப் புத்தகத்தையும் நான் பழைய பேப்பருக்குப் போட்டுட்டேன்" என்றார்.

உறையை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மடிக்குள் இழுத்துக்கொண்டார். சிமெண்டு ஏறி வெடித்த கைகள். "நான் தொட வேண்டாம்மா. தபால் உங்க கடைக்கு வந்த மாதிரி நீங்களே அவகிட்ட குடுத்துடுங்க. எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க. அவ இவ்வளவு கஷ்டப்பட்டு மறைச்சிருக்கா."



சாயங்காலம் கோந்துவிடம் உறையைக் கொடுத்தேன். தபால்காரர் தெரிந்தவர், வழியில் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார் என்றேன். அவள் நம்பினாள். தாளை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பழையபடி வைத்தாள். அதைக் காட்டி வாங்குவதற்கு அந்த நூலக வேலை இப்போது இல்லை.

நான்கு நாள் கழித்து ஒரு ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். வேலை முடிந்தும் போகாமல் நின்றாள்.

"அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சுக்கா. திட்டறதே இல்ல. சாப்பிட்டியான்னு கேக்கறார், அதோட சரி. நேத்து வேலை முடிச்சு வரும்போது ஒரு டப்பா பசையும், சுவருக்கு வெள்ளை அடிக்கற பட்டை பிரஷ்ஷும் வாங்கிட்டு வந்து என் மேஜை மேல வெச்சார். அதோட கிழிஞ்ச புத்தகம் நாலு. பழைய பேப்பர் கடையில கேட்டு எடுத்துட்டு வந்தாராம். ஒண்ணுமே சொல்லாம வெளிய போயிட்டார்."

"நல்லதுதானே."

"அது மரம் ஒட்டற பசைக்கா. காகிதத்துல தடவினா கல்லு மாதிரி காய்ஞ்சிடும். அப்புறம் பிரிக்கவே முடியாது."

"அதை அவர்கிட்ட சொன்னியா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு புத்தகத்தை ஒட்டிட்டேன். வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தார். நல்லா ஒட்டுதுப்பான்னு சொன்னேன்."