விண்ணப்பத்தில் வெள்ளவத்தை

நான்கு மணிக்கு வீட்டைப் பார்க்க வருவதாக ஆதிலா மிஸ் காலையில் தொலைபேசியில் சொன்னதும் டில்ஷானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எந்த வீட்டை? விண்ணப்பத்தில் அவள் எழுதியிருந்தது வெள்ளவத்தைக் கடலோரத்துத் தொடர்மாடி, நான்காம் மாடி. அவளுடைய அம்மா இமெல்டா பதினொரு வருஷமாகச் சமைக்கப் போகிற வீடு அது. தாயும் மகளும் இருப்பதோ மட்டக்குளியில், ஓர் அறையும் குசினியும்.

இதிலென்ன பெரிய பாவம்? பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் அடுத்தவர் விலாசத்தைக் கொடுக்காதவர் கொழும்பில் எத்தனை பேர்? ஆனால் இது வசதியில்லாத பிள்ளைகளுக்கான முழுப் புலமைப்பரிசில். ஏழைப் பிள்ளைக்குக் கடல் தெரிகிற வீடு! புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

வணிகம், பொருளியல், அரசியல் மூன்றையும் சேர்த்துப் படிப்பிக்கிற அந்தத் தனியார் கல்லூரிக்கு அவள் இரண்டு வாரமாகப் போய்வருகிறாள். புலமைப்பரிசில் உறுதியானால்தான் திங்கட்கிழமையும் போகலாம். ஆதிலா மிஸ் அங்கே பொருளியல் படிப்பிப்பவர். புலமைப்பரிசில் கோப்புகளும் அவர் கையில்தான்.

"பின் ரூம்ல வாடகைக்கு இருக்கிறம் எண்டு சொல்லுவம்," என்றாள் டில்ஷானி, வெள்ளவத்தை வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம். வீட்டுக்கார ஜீவராணி அன்ரி கோயிலுக்குப் போயிருந்தார். ஐந்து மணிக்குத்தான் வருவார்.

"மாதாவே, எனக்குப் பொய் வராது மகள்."

உண்மைதான். பொய் சொல்லவும் ஒரு முகம் வேண்டும், இமெல்டாவுக்கு அது கிடையாது. மிஸ் வந்து உட்கார்ந்ததுமே தட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

"நீங்களும் இரிங்களே," என்றார் மிஸ்.

இமெல்டா சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தாள். பதினொரு வருஷத்தில் அதில் அவள் உட்கார்வது அதுதான் முதல் தடவை.

மிஸ்ஸின் பார்வை சுவரில் இருந்த முருகன் படத்துக்குப் போய், அதன் கீழே பட்டமளிப்பு உடுப்போடு சிரிக்கிற இரண்டு பையன்களிடம் நின்றது.

"வீட்டுக்கார அன்ரிட மகன்மார், கனடாவில," என்றாள் டில்ஷானி அவசரமாக. "நாங்க பின் ரூம்ல வாடகைக்கு."

"ரூமைப் பார்க்கலாமா?"

பார்க்காமல் விடுவாரா! அரிசி மூட்டை, நிலம் துடைக்கிற தடி, ஆணியில் இமெல்டாவின் வேலைச் சட்டை. மிஸ் கதவடியில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெளியே லிஃப்ட் வந்து நின்ற சத்தம் கேட்டது. அன்ரி வந்துவிட்டாரோ என்று டில்ஷானி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். காலடி பக்கத்து வீட்டுக்குப் போனது.

"எங்க இருந்து படிக்கிற புள்ள? உங்கட புத்தகம் ஒண்டுகூட இல்லயே."

இமெல்டாதான் சொன்னாள். "நான் இஞ்ச சமைக்கிறனான் மிஸ். நாங்க இருக்கிறது மட்டக்குளியில. பிள்ளையில பிழையில்ல, நான்தான் இந்த விலாசத்தை எழுதச் சொன்னனான்."

வராத பொய் கடைசியில் மகளுக்காக வந்தே விட்டது. டில்ஷானியால் அதைத் தாங்க முடியவில்லை.

"அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது மிஸ். நான்தான் எழுதினனான்."

மிஸ் கோப்பை மூடினார். கோபத்தைவிடக் கவலைதான் அவர் முகத்தில் தெரிந்தது. "பொய் விலாசம் குடுத்தா ரத்து, விதி அப்படி. ஏன் புள்ள இப்படிச் செஞ்சீங்க? உங்கட மார்க்ஸுக்கு இது தேவையே இல்லயே."

அதுவரை பயந்து நடுங்கியவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

"தேவையில்லயா? போன வருஷமும் நான் விண்ணப்பம் போட்டனான் மிஸ். இதே மார்க்ஸ். இதே கட்டுரை, ஒரு சொல் மாத்தேல்ல. இதே ஃபாதர் குடுத்த கடிதம். மட்டக்குளி விலாசம். நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிடேல்ல. இந்த முறை விலாசத்தை மட்டும் மாத்தினன், அஞ்சாம் நாள் கோல் எடுத்தீங்க. 'ஏனையவை மாறாதிருக்க' எண்டு பொருளியல்ல நீங்கதானே படிப்பிச்சீங்க? அப்ப எது மிஸ் மாறினது?"

"மகள்!" என்று இமெல்டா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

போன வருஷத்து மறுப்புக் கடிதத்தின் கீழே இருந்தது ஆதிலா மிஸ்ஸின் கையெழுத்து. டில்ஷானி அதைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறாள். கீழே ரயில் ஒன்று தடதடத்துப் போய் முடியும்வரை மிஸ் அந்த அரிசி மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோப்பைத் திறந்து, வெள்ளவத்தை விலாசத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"மட்டக்குளி விலாசத்தைச் சொல்லுங்க. இப்பவே போய்ப் பார்ப்பம்."

இமெல்டாதான் சொன்னாள். வீட்டு இலக்கம், குடியிருப்புத் தோட்டத்தின் பெயர், கொழும்பு பதினைந்து. மிஸ் எழுதி முடிக்கும்வரை ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.