மூங்கில் மடுவுக்கு ஒரு தட்டுச் சோறு

அம்சா என்பது அவள் பெயர். திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம் சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் பெரியதம்பி என்னும் உழவரின் ஒரே மருமகளாக வாழ்க்கைப்பட்டவள். விடியுமுன் எழுந்து வாசல் தெளிப்பாள். கேப்பைக் கூழைக் கிளறி இறக்கிவிட்டு, மல்லாட்டை என்னும் நிலக்கடலை உலரும் களத்துக்கு மாமனாருக்கு முன்பே போய்விடுவாள். பேச்சில் சிக்கனம் உடையவள். கணவன் பெயரைச் சொல்லும் வழக்கம் அக்குடும்பத்துப் பெண்களுக்கு இல்லையாதலால், 'அவரு' என்பதோடு நிறுத்திக்கொள்வாள். கடந்த ஐப்பசிக்குப் பின் புதிதாக ஒரு பழக்கமும் அவளிடம் சேர்ந்திருந்தது. நெற்றியில் குங்குமம் இட்டதும் உடனே வெளியே வரமாட்டாள். கதவின் உட்புறம் சற்று நின்று, தெருவில் பெண்கள் எவரும் இல்லையென்று தெரிந்த பிறகே குடத்தை எடுப்பாள்.

அவள் கணவன் சின்னதுரை, விழுப்புரத்தில் மின்மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் பட்டறையில் வேலை செய்தவன். அங்கே கிடைத்த நண்பர் இருவருடன் ஆண்டுதோறும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலையேறுவது அவனுக்கு வழக்கம். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஐப்பசியில் மூவரும் கல்வராயன் மலைக்குச் சென்றனர். மூங்கில் மடு என்று மலைவாசிகள் அழைக்கும் ஓர் அருவி அங்கே உண்டு. மழையில் பெருகி வீழ்ந்துகொண்டிருந்த அதன் உச்சியில், வழுக்குப் பாறையைக் கடக்கையில் சின்னதுரை கால் தவறிக் கீழேயிருந்த ஆழமான மடுவில் விழுந்தான். நண்பர்களும் மலைவாசிகளும் வெள்ளம் வடியும்வரை தேடினர். உடல் கிடைக்கவில்லை.

உடல் இல்லாதவனுக்குத் தருப்பையால் உருவம் செய்து காரியம் நடத்தலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் கூறினர். பெரியதம்பி இசையவில்லை.

"எம்புள்ள செத்தத எவன் கண்டான்? கண்டவன் வந்து சொல்லட்டும், பண்றேன்" என்று சொல்லிவிட்டார்.

காரியம் நடவாதவரை அம்சா சுமங்கலியே. ஆயினும் ஊர் அவளை எந்தக் கணக்கில் வைப்பதென்று அறியாமல் தடுமாறிற்று. தை மாதம் நடந்த ஒரு வளைகாப்பில், மஞ்சள் குங்குமத் தட்டை ஏந்திவந்தவள் அம்சாவின் எதிரே வந்ததும் நின்றாள். கொடுத்தாலும் குற்றம், கொடாது போனாலும் குற்றம். இறுதியில் தட்டைத் தன் சிறுமகளிடம் தந்து, "நீ குடுடீ அத்தைக்கு" என்று ஒதுங்கிக்கொண்டாள். குழந்தை கொடுத்ததை அம்சா வாங்கிக்கொண்டாள். அதன்பின் எந்த வீட்டு விசேடத்துக்கும் அவள் செல்லவில்லை.

பங்குனியில், புளி வியாபாரியான கோதண்டபாணி பெரியதம்பியைத் தேடி வந்தான். ஆண்டுதோறும் மலையில் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுப்பவன் அவன்.

"மாமோவ், பேஜாரா ஒரு சேதி. மூங்கில் மடுவுக்கு மேல ஒரு கிராமம் இருக்குது. அங்க பொன்னின்னு ஒரு பொம்பள. அந்தி நேரத்துல வெங்கலத் தட்டுல சோறு, கொழம்பு எல்லாம் வெச்சி எலையப் போட்டு மூடிக்கினு கெளம்புனா. யாருக்கும்மான்னு கேட்டேன். திண்டிவனத்துப் பையனுக்கு, எங்க மடுவாண்ட இருக்கறானே, தெனமும் நாந்தான் குடுக்கறேன்னா."

"நீ பின்னாடியே போயிப் பாக்கலயா?"

"லாரிக்காரன் ஜல்தி ஜல்தின்னு கத்தறான். எப்பிடிப் போறது?"

பெரியதம்பி களத்திலேயே அமர்ந்துவிட்டார். கால் முறிந்து கிடக்கிறானோ, தலையில் அடிபட்டுத் தன்னை மறந்துவிட்டானோ என்று அன்று முழுவதும் தாமே வினவித் தாமே விடையும் கூறிக்கொண்டார். அன்று மாலை அம்சா மல்லாட்டையை வறுத்து, வெல்லப்பாகில் உருண்டை பிடித்து, ஒரு டப்பா நிறைய அடைத்தாள்.

அவளும் மாமனாரும் போய் இறங்கிய விழுப்புரம் பேருந்து நிலையத்தில், சேதி அறிந்த சின்னதுரையின் நண்பர் இருவரும் முதுகுப் பைகளுடன் காத்திருந்தனர். மூத்தவன் மாசிலாமணி, ரயில்வே பணிமனைத் தொழிலாளி. இளையவன் சீனுவாசன், துணிக்கடை ஊழியன்.

"அண்ணி, அந்த டப்பாவுல இன்னா?" என்றான் சீனுவாசன்.

"மல்லாட்டை உருண்ட. அவருக்கு."

"அவருக்கே எல்லாமா? போன தபா எம்பையில இருந்ததயும் அவர்தான் தின்னாரு. கணக்குப்படி பாதி எனக்கு வரணும்."

அம்சா ஓர் உருண்டையை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டு மூடியை அழுத்தினாள். பல மாதங்களுக்குப் பின் அவள் உதட்டோரம் சிறிது நெகிழ்ந்ததைப் பெரியதம்பி கண்டார். மாசிலாமணி மட்டும் சிரிக்கவில்லை. மலைக்குப் புறப்படும் பேருந்து எது என்று விசாரிக்கும் சாக்கில் அப்பால் சென்றான்.

அடிவாரத்தில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. அங்கிருந்து ஒற்றையடிப் பாதை. மாமனாருக்கு முழங்கால் வலி. ஆங்காங்கே அமர்ந்து அமர்ந்து ஏறினார். அம்சா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தாள்.

"அண்ணி, மெதுவா போங்க. மலை எங்கயும் ஓடிடாது" என்று சீனுவாசன் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். "நேரா போயி அண்ணனாண்ட சண்ட புடிக்காதீங்க. தண்ணி கின்னி குடிச்சிட்டு அப்பறமா புடிங்க."

"சீனு, வாய மூடிக்கினு வா" என்றான் மாசிலாமணி.

"ஏண்ணே, உனுக்கு மட்டும் இன்னா மூஞ்சி இப்பிடி?"

மாசிலாமணி திரும்பிப் போய்ப் பெரியதம்பிக்குக் கைகொடுத்தான்.

மலைக்கிராமத்தை அடைகையில் பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கூரை வீடுகள் சில, சாமைக் கொல்லைகள். பொன்னி நடுவயதினள். வந்தவர் இன்னார் என்று அறிந்ததும் அவள் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. நெடுநாள் எதிர்பார்த்தவர்களை வரவேற்பவள்போல் குடிக்க நீர் தந்தாள்.

"எம்புள்ள எங்கம்மா?" என்றார் பெரியதம்பி.

"இப்பதான் சோறு கொண்டு போகப்போறேன். வாங்க."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தாள். மூங்கிற் புதர்களுக்கிடையே இறங்கிய பாதை, பெரும்பாறைகள் சூழ்ந்த ஓரிடத்தில் முடிந்தது. கோடைக் காலமாதலின் அருவி மெலிந்து, பாறையின் ஒரு பக்கமாகக் கயிறு போல் வழிந்துகொண்டிருந்தது. கீழே மடு மட்டும் கருநிறமாய், அசைவின்றிக் கிடந்தது. குடிசை இல்லை. குகையும் இல்லை. மனிதர் தங்கியதற்கான புகைக்கரி எதுவும் பாறைகளில் காணப்படவில்லை.

பொன்னி முழங்காலளவு நீரில் இறங்கி, நீர்மட்டத்துக்குச் சற்றே மேலிருந்த தட்டைப் பாறையில் சோற்றைக் கவிழ்த்தாள். குழம்பை அதன்மேல் ஊற்றினாள். பின்பு மடுவைப் பார்த்து, வீட்டில் இருப்பவனிடம் சொல்வதுபோல், "தம்பி, சாப்புடு" என்றாள்.

சமவெளியில் இறந்தவர்க்குப் படையல் என்பது, காரியம் முடிந்தபின், உறவினர், குறித்த நாளில், வீட்டுக்குள் இடுவது. முன்பின் அறியாத ஒருவனுக்கு அயலார் அன்றாடம் ஆற்று நடுவே சோறிடுவர் என்பது, திண்டிவனத்தில் எவர் நினைவுக்கும் எட்டவில்லை. நாள்தோறும் சோறு போகிறது என்றால், உண்பவன் உயிரோடிருக்கிறான் என்பதே அவர்கள் அறிந்த ஒரே பொருள்.

பெரியதம்பி பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சீனுவாசன் மடுவையும் சோற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பொன்னி கரையேறிப் புடைவைத் தலைப்பைப் பிழிந்தாள். "இந்தத் தண்ணியத்தான் நாங்க குடிக்கிறோம். இதுல போனவன் பசியோட இருந்தா, தொணைக்கு ஆள் கூப்புடுவான். அவன் சனங்க வந்து, போதும், நாங்க பாத்துக்கறோம்னு சொல்ற வரைக்கும் நாங்க போடணும். அதான் எங்க மொறை." பின்பு அம்சாவைப் பார்த்தாள். "நீதான பொண்டாட்டி? நீ சொல்லு. நிறுத்தலாமா, போடவா?"

அம்சா வாய் திறக்குமுன் பெரியதம்பி இடைமறித்தார். "நிறுத்தாதம்மா. போட்டுக்கினே இரு. செலவுக்கு நான் அனுப்பறேன். எவனாச்சும் எடுத்துக்கினு போயி வெச்சிருப்பான். தண்ணில போனவன் எத்தினி பேரு கரையேறி வந்திருக்கான். இல்லியா மாசிலாமணி? நீ சொல்லு."

மாசிலாமணி தலை குனிந்திருந்தான். "ஐயா, அன்னிக்கே சொன்னேன். நீங்க காதுல வாங்கல. உழுந்தவன் தலையில பாறை அடிச்ச சத்தம் எனக்குக் கேட்டுது. அதுக்கப்பறம் கையுங்கூட மேல வரல."

"உனுக்குக் கேட்டுதா?" என்று அம்சா சீனுவாசனை நோக்கிக் கேட்டாள்.

சீனுவாசன் முதுகுப்பையைக் கழற்றிக் கீழே வைத்தான். பின்பு, "கேட்டுது அண்ணி" என்றான்.

"அப்பறம் ஏன் வழியெல்லாம் அப்பிடிப் பேசிக்கினு வந்தே?"

"நீங்க சிரிச்சீங்களே" என்றான் அவன்.

பாறையிலிருந்து நீரில் சரிந்த சோற்றுக்கு மீன்குஞ்சுகள் வரத் தொடங்கின. ஒரு காகம் இறங்கி ஒரு கவளத்தைக் கொத்திக்கொண்டு பறந்தது. அம்சா அதை இறுதிவரை பார்த்தாள். அழுகை வருமென்று எதிர்பார்த்தாள், வரவில்லை. ஐப்பசியிலிருந்து கதவோரம் நின்று நின்று அவள் காத்திருந்தது இந்த மடுவைத்தான் என்பது போலவும், இதற்கப்பால் நடப்பதற்கு வழியொன்றும் இல்லையென்பது போலவும் அவளுக்குத் தோன்றிற்று. திரும்பி ஏறுகையில், உருண்டை டப்பாவைச் சீனுவாசன் கையில் திணித்தாள். அவன் அதைத் திறக்கவில்லை, பையிலும் வைக்கவில்லை, கையிலேயே ஏந்திக்கொண்டு நடந்தான்.

அன்றிரவு பொன்னியின் வீட்டில் தங்கினர். விடிந்ததும் பெரியதம்பி, தாம் மறுபடியும் சித்திரையில் வருவதாகவும், அதுவரை சோறு நிற்கலாகாதென்றும் பொன்னியிடம் கூறிக்கொண்டிருந்தார். அவர் குரலில் கெஞ்சுதல் இருந்தது. பொன்னி அம்சாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தான் சொல்லப்போகும் சொல்லுக்குப் பின் தன் நெற்றிக்கும் கழுத்துக்கும் என்ன நேரும் என்பதை அம்சா அறிவாள். பிறந்த வீட்டில் அண்ணன் மனைவியின் முகம் எப்படியிருக்கும் என்பதையும் அறிவாள். அவளுக்கு வயது இருபத்து மூன்று. மாமனாரின் அருகில் சென்று, கீழே கிடந்த அவருடைய துண்டை எடுத்து அவர் தோளில் போட்டாள்.

"மாமா, நீங்க முன்னாடி எறங்குங்க. முட்டி வலிக்கும், மெதுவா போங்க" என்றாள்.

அவர் நகரவில்லை. அம்சா பொன்னியின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இன்னியிலேர்ந்து சோறு வெக்க வேணாம். ஊருக்குப் போயி நாங்க காரியம் பண்ணிடறோம்."