சிலோன்காரம்மா கடை

நாமக்கல்லில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக நிற்கிற சேலம் ரோட்டில், முத்தாயம்மாள் டீக்கடை போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எழுபத்தி நாலில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக ஒரு தகரப்பெட்டியோடு வந்தவள். அவள் பாட்டன் இந்தப் பக்கத்திலிருந்து தேயிலை பறிக்கப் போனவர் என்று காகிதம் சொன்னது. காகிதத்தைத் தவிர அவரைத் தெரிந்தவர் யாரும் இங்கே பாக்கியில்லை.

கடை திறந்த அன்று, "ஏனக்கா, டீ இப்படித் தூக்குது?" என்றான் டிரைவர் பச்சமுத்து.

"சிலோன்ல பழகின கை, சாமி."

அவ்வளவுதான், அவள் சிலோன்காரம்மா ஆகிவிட்டாள். "சாவியைச் சிலோன்காரம்மாகிட்டக் குடுத்துடு", "சம்சாரத்துக்குக் காய்ச்சல்னு சிலோன்காரம்மா கடையில சொல்லி வை" என்று லாரிக்காரர்களின் பாதி வாழ்க்கை அந்தப் பெயரில் நடந்தது. பட்டறைப் பெயிண்டர் ஒரு பழைய லாரியின் பின்கதவில் அந்தப் பெயரை எழுதி மாட்டினான். கைப்பழக்கத்தில் கீழே 'ஒலி எழுப்பவும்' என்றும் சேர்த்துவிட்டான்.

சிலோன் தேயிலைத் தோட்டத்தில் அவளை இந்தியாக்காரி என்பார்கள். எப்போது கிளம்புகிறாய் என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கும். இங்கே சிலோன்காரம்மா என்று கூப்பிடுகிறவன் டம்ளருக்குக் கையை நீட்டிக்கொண்டு கூப்பிடுகிறான். அந்த நீட்டிய கைகளுக்கு அவள் தினமும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வாள்.

இது ஜவுளிக்கடை சுவாமிநாதனுக்குப் பொறுக்கவில்லை. அவர் நற்பணி மன்றத் தலைவர். தும்மினாலும் அதற்கொரு தீர்மானம் போட்டுவிட்டுத் தும்முகிறவர்.

"நீங்க இந்த மண்ணோட மகள். உங்களைத் தீவுக்காரின்னு சொல்றது இழிவும்மா."

"எனக்கு இழிவாத் தெரியலீங்களே, சாமி."

"உங்களுக்குத் தெரியாது. அதுக்குத்தான் மன்றம் இருக்கு."

'தாயகம் திரும்பியோர் தேநீரகம்' என்று புதுப் பலகை ஏறியது. அதைவிடப் பெரிய எழுத்தில் மன்றத்தின் பெயரும் ஏறியது. திறப்பு விழாவில் ஒன்றரை மணி நேரம் பேசிய தலைவர், சிலோன்காரம்மா என்ற சொல்லை இனி ஊரில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று முடித்தார். பழைய பலகை அடுப்புக்குக் காற்று மறைப்பாகப் போயிற்று.

முத்தாயம்மாளுக்கு ஒரே ஒரு கவலை. தங்கை குப்பாயி இந்த மாதம் மண்டபம் முகாமுக்கு வந்து சேருவாள். சொந்தக்காரரைக் கண்டுபிடித்து அவர் கையெழுத்தோடு மூன்று நாளில் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் எங்கோ மலைத் தோட்டத்துக்குப் போகிறவர்களோடு அவளையும் அனுப்பிவிடுவார்கள். "நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சிலோன்காரம்மா கடை என்று கேள், கை காட்டுவார்கள்" என்று முத்தாயம்மாள் தங்கைக்கு எழுதிப்போட்டது, புதுப் பலகை வருவதற்கு முந்தி.

ஒரு புதன்கிழமை மத்தியானம் சுவாமிநாதன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படியொரு திருப்தி.

"இப்பத்தான் பஸ் ஸ்டாண்டுல ஒரு பொம்பளை, சிலோன்காரம்மா கடை எங்கேன்னு கேட்டா. அப்படி ஒருத்தியே இந்த ஊர்ல கிடையாதுன்னுட்டேன். பாவம், அழுதுட்டா. நானே மதுரை பஸ்ஸுல ஏத்திவிட்டு வாரேன்."

ஆற்றிக்கொண்டிருந்த டீ அந்தரத்திலேயே நின்றது.

"பச்சைத் தகரப்பெட்டி வெச்சிருந்தாளுங்களா?"

"ஆமா, உங்களுக்கு எப்படி..."

"அது என் தங்கச்சிங்க, சாமி."

பச்சமுத்து டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான். பாடி கட்ட வந்திருந்த அவன் லாரி வெறும் சேஸிஸாக நின்றது. கூரையில்லை, கதவில்லை. டிரைவருக்கு ஒரு பலகை, பக்கத்தில் இன்னொருவர் ஒண்டிக்கொள்ள ஒரு சாண்.

"நானும் வாரேன்" என்றாள் முத்தாயம்மாள்.

"நீ இரு அக்கா. தங்கச்சியே இறங்கித் தேடி வந்துட்டா? ஏறுங்க தலைவரே, ஆளை அடையாளம் தெரிஞ்சவரு நீங்கதான்."

"இதுலயா?"

"ஏனுங்க, மாலை போட்டாத்தான் ஏறுவீங்களா?"

மல்லு வேட்டி காற்றில் படபடக்கத் தலைவர் பரமத்தி ரோட்டில் மறைந்தார்.

முத்தாயம்மாள் அடுப்பை அணைக்கவுமில்லை, டீ போடவுமில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் கேட்காமலே தண்ணீர் மோந்து குடித்துவிட்டு, அவளோடு சேர்ந்து ரோட்டைப் பார்த்தார்கள்.

இரண்டரை மணி நேரம் கழித்து சேஸிஸ் வந்தது. பலகையில் பச்சமுத்து பக்கத்தில் குப்பாயி. பின்னால், கயிற்றால் கட்டிய தகரப்பெட்டி மேல், கயிற்றையே பிடித்துக்கொண்டு, செம்மண் நிறத்தில் சுவாமிநாதன்.

அக்காளும் தங்கையும் அழுது முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"பரமத்தி வேலூர்ல பஸ்ஸைப் புடிச்சோம்" என்றான் பச்சமுத்து. "ஒண்ணுக்கு நாலு பஸ் நிக்குது. எது நம்ம பஸ்ஸுன்னு தெரியல. தங்கச்சி பேரும் இவரு கேட்டுக்கல."

"இந்த ஐயாதான் ஜன்னல் ஜன்னலா ஓடி ஓடிக் கத்தினாரு, அக்கா" என்றாள் குப்பாயி. "சிலோன்காரம்மா தங்கச்சி! சிலோன்காரம்மா தங்கச்சி யாரும்மான்னு! தொண்டையே கட்டிப்போச்சு."

கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியதில் இரண்டு பேருக்கு இருமல் வந்தது.

முத்தாயம்மாள் முதல் டம்ளரை சுவாமிநாதனிடம் நீட்டினாள். "தேத்தண்ணி குடிங்க சாமி. உங்களாலதான் இவ வந்து சேர்ந்தா. மறக்க மாட்டேன்."

அவள் குத்திக் காட்டியிருந்தால் பதில் சொல்ல அவரிடம் ஒரு மணி நேரப் பேச்சு இருந்தது. அவள் நிஜமாகவே சொன்னாள். தலைவர் டீயை முழுசாகக் குடித்தார். பிறகு கட்டிப்போன குரலில் கேட்டார்:

"ஏனுங்கம்மா, அந்தப் பழைய பலகையை எங்க வெச்சிருக்கீங்க?"